டைகாஸ்ட் ஸ்போர்ட்ஸ் காரை உரித்து, விருப்பப்படி மாற்றுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவரிடம் இரண்டு டைகாஸ்ட் ஸ்போர்ட்ஸ் கார்கள், அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த மாடல் கார்கள், இருக்கின்றன. ஒன்று 1:64 அளவு (நிஜக் காரில் 64-இல் ஒரு பங்கு), இன்னொன்று 1:18. இரண்டிலும் பெயின்ட் அங்கங்கே பெயர்ந்துவிட்டது. வேறு நிறம் அடிக்க வேண்டும், வீலை மாற்ற வேண்டும், சின்னக் காரைக் கொஞ்சம் தாழ்த்தவும் ஆசை. ரிவெட்டை எப்படிக் கழற்றுவது, அசிட்டோனில் ஊறப்போட்டால் போதுமா, பழைய பெயின்ட்டின் மேலேயே அடித்தால் என்ன, பிரைமர் என்கிற அடிப்பூச்சு கட்டாயமா என்று கேட்டிருக்கிறார்.

மேலேயே அடித்தால் என்ன என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற முடிவுகள் பலவும் அதிலிருந்துதான் வருகின்றன. நிஜக் காரின் பெயின்ட், பிரைமரிலிருந்து நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் வரை எல்லா அடுக்கும் சேர்த்து, பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். அதை 64-ஆல் வகுத்தால் சுமார் இரண்டு மைக்ரான். அவ்வளவு மெல்லிசாக யாராலும் அடிக்க முடியாது. ஸ்ப்ரே கேனில் பிரைமர், நிறம், கிளியர் என்று கவனமாக அடித்தாலே 70, 80 மைக்ரான் ஏறிவிடும். 1:64 காரில் 80 மைக்ரான் என்றால் நிஜக் காரில் 5 மில்லிமீட்டருக்கும் மேல். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஏற்கெனவே ஒரு அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் இன்னொரு சுற்று அடித்தால் கதவுக் கோடு, பானெட் கோடு, கதவுக் கைப்பிடி, ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள விளிம்பு எல்லாம் நிரம்பி, கார் தேய்ந்த சோப்புக்கட்டி போல ஆகிவிடும். உரிப்பது பழைய நிறம் போக வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. புதுப் பெயின்ட்டுக்கு இடம் வேண்டும், அதற்காகத்தான்.

1:18 காரில் அதே 80 மைக்ரான் ஒன்றரை மில்லிமீட்டருக்குத்தான் சமம். அந்த அளவில் பழைய பெயின்ட் நன்றாகப் பிடித்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் காரில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த இடத்தின் விளிம்பு எவ்வளவு தேய்த்தாலும் புதுப் பெயின்ட்டின் கீழே கோடாகத் தெரியும். அதனால் இரண்டையும் உரித்துவிடுங்கள்.

அடுத்தது, கார் எதனால் ஆனது என்பது. டைகாஸ்ட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. ஜமாக் என்று பெயர், 1929-இல் உருவானது. இதன் வழக்கமான வகையில் துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும் துளி மக்னீசியமும் இருக்கும். சுமார் 385 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், மென்மையானது, அமிலமும் காரமும் இரண்டுமே இதைத் தின்னும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்த ரசாயனத்தில் போடலாம், எந்தக் கருவியால் தேய்க்கலாம் என்பது பாதி தானாகவே விளங்கிவிடும்.

கை வைக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பாடி உண்மையிலேயே உலோகம்தானா? சில மலிவு மாடல்களில் அடித்தட்டு உலோகமாகவும் பாடி பிளாஸ்டிக்காகவும் இருக்கும். 1:18-இல் கதவு திறக்காத மாடல்கள் பல ரெசினில் வார்த்தவை. பெயின்ட் ரிமூவரில் போட்டால் ரெசின் வீணாகிவிடும். காந்தத்தை வைத்துப் பார்க்காதீர்கள், துத்தநாகத்தில் காந்தம் ஒட்டாது. உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் லேசாகச் சுரண்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு, வார்ப்பில் விரிசல் இருக்கிறதா? துத்தநாகத்தில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் வருடங்கள் போகப்போக உலோகம் உள்ளிருந்தே அரித்து, உப்பி, நொறுங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைக் கார்களில் இது அதிகம். இதற்கு வைத்தியம் கிடையாது. அப்படிப்பட்ட காரை உரித்துப் பயனில்லை. மூன்று, அது அரிய மாடலா? 1968 முதல் 1977 வரை வந்த, டயரில் சிவப்புக் கோடு போட்ட ஹாட் வீல்ஸ் போன்றவற்றின் மதிப்பே அந்தப் பழைய பெயின்ட்டில்தான் இருக்கிறது. பெயர்ந்திருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கில் கிடைக்கும் சாதாரண மாடலில் கைவரிசையைக் காட்டுங்கள்.

சரி, கழற்றுவதற்கு வருவோம். 1:64 காரில் பெரும்பாலும் ஸ்க்ரூ இருக்காது. பாடியின் உள்ளிருந்து இறங்கும் ஒன்றிரண்டு உலோகத் தூண்கள் அடித்தட்டின் துளை வழியாக வெளியே வந்து, நுனி நசுக்கப்பட்டு காளான் தலை போல விரிந்திருக்கும். அதைத்தான் ரிவெட் என்கிறோம். பலரும் பெரிய டிரில் பிட்டை நேராக வைத்துத் தலையைச் சிதைத்துவிடுகிறார்கள். கார் திறந்துவிடும், ஆனால் திரும்ப மூடும்போது ஸ்க்ரூ போட நடுவில் துளை இருக்காது. நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் ரிவெட்டின் நட்டநடுவில் சென்டர் பஞ்சை (பள்ளம் போடும் கூர்முனை உளி) வைத்து ஒரு சின்னத் தட்டு. அந்தப் பள்ளத்தில் 2 மில்லிமீட்டர் பிட்டை வைத்து, மெதுவான வேகத்தில், சுமார் 5 மில்லிமீட்டர் ஆழம் மட்டும் இறக்குங்கள். தூணின் மறுமுனை பானெட்டிலோ கூரையிலோ முடிகிறது. ஆழம் தவறினால் பிட் காரின் மேலே வந்து எட்டிப் பார்க்கும். பிட்டில் ஒரு டேப்பைச் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் அந்தப் பயமில்லை. சில கார்களில் தூண் மிகவும் குட்டையாக இருக்கும், அதற்கேற்ப ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகச் சீவல் பிட்டில் அடைத்துக்கொண்டு இறுகும், அதனால் அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் வையுங்கள்.

இந்த 2 மில்லிமீட்டர் துளைதான் பின்னால் ஸ்க்ரூவுக்கு. எம்2.5 மரைக்கு (2.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்க்ரூ) போட வேண்டிய துளை அளவு கிட்டத்தட்ட இதுவேதான், 2.05 மில்லிமீட்டர். துளை போட்ட பிறகு 5 அல்லது 6 மில்லிமீட்டர் பிட்டை எடுத்து, காளான் தலையை மட்டும் சீவுங்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே அடித்தட்டு தளர்ந்துவிடும். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். தூண் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது. மரை போடும் டாப்பைப் பெயின்ட் அடிக்கும் முன்பே இறக்கி முடித்துவிடுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருப்பினால் மென்மையான துத்தநாகத்தில் மரை சுத்தமாக விழும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டிரில் பக்கம் போகாதீர்கள். சீவல் நேரே முகத்துக்குத்தான் வரும்.

1:18 கார் வேறு மாதிரி. அடியில் ஸ்க்ரூ தெரியும், ஆனால் தெரியாதவைதான் தொல்லை. சீட்டுக்குக் கீழே, பூட் விரிப்புக்கு அடியில், இன்ஜின் மூடிக்குப் பின்னால் என்று ஒளிந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு மறுபக்கம் வராமல் இருந்தால், அங்கே இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்டாமல் தேடுங்கள். ஹெட்லைட், டெயில் லைட், பேட்ஜ், வைப்பர் இவற்றுக்கு உள்பக்கம் சின்ன பிளாஸ்டிக் குச்சி நீண்டு, அதன் நுனி சூட்டில் உருக்கி மடக்கப்பட்டிருக்கும். கூரான கத்தியால் அந்த நுனியை மட்டும் சீவிவிட்டு உள்ளிருந்து மெதுவாகத் தள்ளினால் முழுசாக வரும். வெளியிலிருந்து நெம்பினால் உடையும். கதவுக் கீலை விட்டுவிட்டுப் பெயின்ட் அடிக்கலாமா என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம், கழற்றுங்கள். கதவைத் திறக்கும்போது உள்ளே பழைய நிறம் தெரிந்தால் அத்தனை உழைப்பும் அரைகுறையாகத் தெரியும். ஒவ்வொரு பாகம் கழற்றும்போதும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஸ்க்ரூக்களை எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதிய சின்னச் சின்னப் பைகளில் போடுங்கள். நீளத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசமுள்ள ஸ்க்ரூக்கள் இருக்கும். நீளமானதைத் தவறான துளையில் போட்டால் பானெட்டில் மேடு கிளம்பும்.

இப்போது உரிப்பது. அசிட்டோன் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில பெயின்ட்டுக்குப் போதும், பலதுக்குப் போதாது. தொழிற்சாலையில் சூட்டில் இறுக்கப்பட்ட எனாமலை அசிட்டோன் அங்கங்கே கரைத்துப் பிசுபிசுப்பாக்கி, பாதியில் விட்டுவிடும். தவிர, அதன் ஆவி மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. ஒரு பிளாஸ்டிக் பாகத்தை மறந்து உள்ளே விட்டிருந்தால் அதையும் கூழாக்கிவிடும். முழு உரிப்புக்கு நான் அசிட்டோனைச் சொல்ல மாட்டேன். அச்சடித்த எழுத்தையும் கோட்டையும் மட்டும் எடுத்துவிட்டுப் பெயின்ட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்துப் பார்க்கலாம். அசிட்டோன் அங்கே கீழிருக்கும் பெயின்ட்டையும் சேர்த்து இழுத்துவிடும்.

மெத்திலீன் குளோரைடு உள்ள பழைய வகைப் பெயின்ட் ரிமூவர் சில நிமிடங்களில் வேலையை முடிக்கும், உண்மைதான். ஆனால் மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்து மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெயின்ட் உரிக்க அதைப் பொதுமக்களுக்கு விற்பதையே 2019-இல் தடை செய்தார்கள். ஒரு சின்னக் காருக்காக அந்த ஆபத்து தேவையில்லை. பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான ரிமூவர்கள் இருக்கின்றன, ஜெல்லாகவும் வரும். சில மணி நேரம் ஆகும், சிலசமயம் ஓர் இரவு. காத்திருந்தால் பெயின்ட் சுருங்கி, தோலாகக் கிளம்பும். நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

காஸ்டிக் சோடாவில் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். இரும்புக்கு அது சரி. துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் காஸ்டிக் சோடா கரைக்கும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும், பாடி கறுத்து, நுண்ணிய குழி குழியாக ஆகிவிடும். அரை மணி நேரம் மறந்தால் கதவுக் கைப்பிடியின் கூர்மை போய்விடும். வினிகரும் அப்படித்தான். வெள்ளைப் படிவத்தை எடுக்க ஒரு நிமிடம் தொட்டு எடுக்கலாம், ஊறப்போடக் கூடாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் வீல், பம்பர் இவற்றின் குரோம் பூச்சை எடுக்கப் பிளீச்சிங் திரவத்தில் போடுவது வழக்கம், நன்றாகவே எடுக்கும். அந்தப் பாத்திரத்தில் வினிகரோ வேறு அமிலமோ துளிகூடச் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும், மூடியோடு. அசிட்டோனைத் தொட நேர்ந்தால், மெல்லிய நைட்ரைல் கையுறை சீக்கிரமே விட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பெயின்ட் தளர்ந்ததும் பழைய பல் பிரஷ்ஷும் கூராக்கிய மூங்கில் குச்சியும் போதும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், கோடு கோடாகக் கீறும், அந்தக் கீறல் மெல்லிய பெயின்ட்டில் மறையாது. மூலைகளில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இரண்டாவது முறை ரிமூவர் தடவுவது சுரண்டுவதைவிட நல்லது. மிகப் பழைய பொம்மைக் கார் என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், ஈரமாகவே வைத்து எடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

உரித்த பாடியைச் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி உடனே துடைத்துக் காயவையுங்கள். ஈரத்தோடு விட்டால் துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், ரிமூவர் அவற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புதுப் பெயின்ட் காயும்போது அது வெளியே வந்தால் கொப்புளம். ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடாக்கி, ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம் பெயின்ட்டைத் தொடுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று அதிகச் சூட்டில் வைத்தால் வார்ப்புக்குள் அடைபட்ட காற்றே விரிந்து, உலோகத்தில் மேடு எழும்பிவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் காரின் உண்மையான முகம் தெரிகிறது, எனக்கு மிகவும் பிடித்த கட்டமும் இதுதான். வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய மேட்டுக்கோடு, பெரும்பாலும் பானெட்டின் ஓரத்திலும் கூரைத் தூணிலும் பின் ஃபெண்டரின் மேலும் ஓடும். தொழிற்சாலை பெயின்ட்டின் கீழே பாதி மறைந்திருந்தது இப்போது அப்பட்டமாகத் தெரியும். சின்ன அரத்தால் அதைத் தட்டையாக்கி, 400, 600, 800 என்று உப்புத்தாளில் படிப்படியாக ஏறுங்கள், தண்ணீர் தொட்டு. அரத்தின் பல்லில் துத்தநாகம் ஒட்டிக்கொண்டால் அதுவே பாடியைக் கீறும். முன்கூட்டியே அரத்தில் சாக்பீஸ் தேய்த்துவைத்தால் ஒட்டாது. இது முடிந்ததும் கதவுக் கோடுகளையும் பானெட் கோட்டையும் கூரான ஊசியாலோ கத்தியின் முதுகாலோ ஒரு சுற்று ஆழமாக்குங்கள். பெயின்ட் ஏறினாலும் கோடு பிழைக்கும். 1:64 காரில் இந்த ஒரு வேலை தரும் பலனை எந்த விலையுயர்ந்த பெயின்ட்டும் தராது.

உருவத்தையே மாற்ற ஆசை என்றால், ஃபெண்டரை அகலமாக்குவது, பின்னால் ஸ்பாய்லர் வைப்பது எல்லாம் இப்போதே. துத்தநாகத்தைச் சாதாரணமாக வெல்டிங் செய்ய முடியாது. சால்டரிங்கும் வீட்டில் செய்யும்போது பாடியையே உருக்கிவிடும் அபாயம் உண்டு. இரண்டு பகுதி எபாக்சி பட்டிதான் நம்பகமானது. ஒட்ட வேண்டிய இடத்தைக் கரடுமுரடாக்கி, சின்னத் துளை போட்டு, ஒரு கம்பித் துண்டை நட்டு, அதைச் சுற்றிப் பட்டியை வைத்தால் பின்னால் கழன்று வராது. ஸ்பாய்லருக்கு ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு நல்லது. நிஜ ஸ்பாய்லர் 20 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 1:64-இல் 0.3 மில்லிமீட்டர். அதைவிடத் தடிமனாக வைத்தால் பொம்மைத்தனம் கண்ணில் படும்.

பிரைமர் கட்டாயமா? ஆம், அதுவும் சரியான பிரைமர். துத்தநாகத்தின் மேல் எண்ணெய் வகை அல்லது அல்கைட் எனாமலை நேரடியாக அடித்தால், பெயின்ட்டில் உள்ள கொழுப்பு அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போன்ற ஒரு படலம் உருவாகும். பெயின்ட் பிடிமானத்தை இழந்து, நாளடைவில் தகடாகக் கழன்று வரும். உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் இதற்காகவே இருக்கிறது. மெல்லிசாக ஒரு கோட், தேவைப்பட்டால் இன்னொன்று. இரும்புக்கான தடித்த பிரைமர் வேண்டாம், கோடுகளை அதுவே அடைத்துவிடும். மஞ்சள், சிவப்பு போன்ற நிறங்களுக்குக் கீழே வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தின் மேல் மஞ்சள் அடித்தால் நாலைந்து கோட் போட்டாலும் அழுக்காகவே தெரியும், தடிமனும் ஏறிவிடும்.

நிறத்துக்கு லாக்கர் வகைதான் என் தேர்வு. மெல்லிசாக உட்காரும், சீக்கிரம் காயும், பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடுத்த கோட் போடலாம். எனாமல் என்றால் டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை அப்படியே பின்பற்றுங்கள். பாதி காய்ந்த எனாமல் மேல் அடுத்த கோட் போட்டால் சுருங்கிக்கொள்ளும். லாக்கர் மேல் எனாமல் போகலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் கீழிருப்பதைக் கொதித்ததுபோல் கிளப்பிவிடும். ஸ்ப்ரே கேன் என்றால் 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். காருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, காரைக் கடந்து, வெளியே போய் விட வேண்டும். முதல் கோட் தூசி தூவினாற்போல் இருந்தால் போதும், அடியில் இருப்பது தெரியட்டும். முதல் கோட்டிலேயே மறைத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் பெரும்பாலான கார்களில் பெயின்ட் வழியக் காரணம். மழை ஈரம் உள்ள நாளில் லாக்கர் அடிக்காதீர்கள், வெண்மை படர்ந்துவிடும்.

மெட்டாலிக் நிறம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிஜக் காருக்கான டச்-அப் பெயின்ட்டில் உள்ள மினுமினுப்புத் துகள், 64 மடங்கு சுருக்கிய காரில் ஜிகினா தூவியது போலத் தெரியும். மாடலுக்கென்று செய்த, நுண்துகள் உள்ள பெயின்ட்டை ஏர்பிரஷ்ஷில் அடித்தால்தான் சரியாக வரும். இன்னொரு வழி, வெள்ளி நிற அடித்தளத்தின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தை அடுக்கடுக்காகப் போடுவது. 1968-இல் ஹாட் வீல்ஸ் அறிமுகமானபோது பளபளக்கும் உலோகத்தின் மேல் ஒளிபுகும் வண்ணம் பூசித்தான் அந்தப் புகழ்பெற்ற ஜொலிப்பைக் கொண்டுவந்தார்கள். வெறும் உலோகத்தையே மெருகேற்றி அதைச் செய்யலாம், ஆனால் வழவழப்பான உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்காது. கண்ணாடி அலமாரியில் நிற்கும் காருக்குப் பரவாயில்லை, கையில் எடுத்து ஓட்டும் காருக்கு வெள்ளி அடித்தளமே மேல்.

பெயின்ட் காய்ந்ததும் கோடுகள், எண்கள். தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் டீக்காலுக்குக் கீழே பளபளப்பான பரப்பு இருக்க வேண்டும். மேட் பரப்பில் காற்று அடைபட்டு வெள்ளையாகத் தெரியும். அளவைக் கணக்குப் போட்டே வெட்டுங்கள். நிஜக் காரில் 250 மில்லிமீட்டர் அகலமுள்ள பந்தயக் கோடு 1:64-இல் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1:18-இல் சுமார் 14. டீக்கால் ஒரு நாள் காய்ந்த பிறகு கிளியர் கோட். முதலில் இரண்டு தடவை பனி போல் தூவிவிட்டு, அப்புறம்தான் ஈரமான கோட். எடுத்தவுடன் ஈரமாக அடித்தால் லாக்கர் டீக்காலைக் கரைத்துச் சுருட்டிவிடும். கெட்டிப்படுத்தும் திரவம் கலந்த இரண்டு பகுதி கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. மினுமினுப்பு அபாரமாக வரும், நுரையீரலுக்கு அது மிகக் கெட்டது. அதற்குரிய சுவாசக் கவசமும் காற்றோட்டமும் இல்லாத வீட்டில் அதைத் தொட வேண்டாம்.

நுணுக்க வேலையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கதவுக் கோடுகளில் கறுப்பு நிறத்தை ஓடவிடுவது பலரின் பழக்கம். வெள்ளைக் காரில் கறுப்புக் கோடு வரைபடம் மாதிரி இருக்கும். வெள்ளைக்குச் சாம்பல், மஞ்சளுக்குப் பழுப்பு, சிவப்புக்கு அடர் மெரூன் என்று காரின் நிறத்தையே இருட்டாக்கிய நிறத்தைப் போட்டால் நிழல் போலத் தெரியும். டெயில் லைட்டுக்கு முதலில் வெள்ளி, அதன் மேல் ஒளிபுகும் சிவப்பு. நேராகச் சிவப்பு பூசினால் உயிர் இருக்காது.

வீலுக்கு வருகிறேன். வேறு காரின் வீல் பொருந்துமா என்பதற்கு அளவுதான் பதில். ஸ்போர்ட்ஸ் காரின் டயர் வெளிவிட்டம் சுமார் 650 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1:64-இல் 10 மில்லிமீட்டர் சொச்சம், 1:18-இல் 36. நிஜ 18 அங்குல ரிம் 1:18-இல் சரியாக ஓர் அங்குலம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் பார்த்தவுடனே பெரிதா சிறிதா என்று தெரியும். பெரிய ரிம் கவர்ச்சியாக இருக்கும் என்று அளவை மீறிப் போட்டால் டயரின் பக்கச்சுவர் காணாமல் போய், காரே சின்னதாகத் தெரியும்.

1:64-இல் பழைய ஆக்சிலை அடித்தட்டில் இருந்து எடுத்துவிட்டு, மெல்லிய குழாய்க்குள் கம்பி சுழலும்படி புது ஆக்சில் செய்வது நல்ல முறை. குழாயை எபாக்சியால் அடித்தட்டில் ஒட்டுங்கள், கம்பி சுதந்திரமாகச் சுற்றட்டும். சூப்பர் க்ளூ வேண்டாம், குழாயின் உள்ளே ஊர்ந்துபோய்ச் சக்கரத்தைப் பூட்டிவிடும். தாழ்த்தும்போது நிதானம் தேவை. அரை மில்லிமீட்டர் தாழ்த்தினால் நிஜக் காரில் 32 மில்லிமீட்டர் தாழ்த்தியதற்குச் சமம், அதுவே நன்றாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் என்றால் 64, அதற்கு மேல் போனால் டயர் ஃபெண்டரில் உரசும். உரசும் இடத்தை உள்பக்கத்திலிருந்து அரைக்கலாம், ஆனால் அதையும் பெயின்ட்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். அதனால்தான் உரித்த உடனேயே புது வீலைத் தற்காலிகமாகப் பொருத்தி, அடித்தட்டை மூடி, ஒருமுறை மேசையில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

காரின் ஜன்னல் கண்ணாடியாக இருக்கும் பிளாஸ்டிக்கில் கீறல் இருந்தால் 2000 எண் தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும். அதைத் திரும்ப ஒட்டவும் சூப்பர் க்ளூ கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகை போலப் படியும். காய்ந்தால் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசை போதும்.

மூடுவதற்கு முன் பெயின்ட்டை ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே மென்மையாகவே இருக்கும். கட்டைவிரலை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவைத் திருப்பினால் கைரேகை பதிந்துவிடும். எம்2.5 ஸ்க்ரூவைக் கையால் பிடிக்கும் சின்ன டிரைவரால் மட்டும் முடுக்குங்கள், அடித்தட்டு ஆடாமல் நின்றதும் நிறுத்துங்கள். துத்தநாக மரை அதற்கு மேல் தாங்காது. மரை போய்விட்டால் துளையில் எபாக்சியை நிரப்பி, இறுகிய பிறகு அதே 2 மில்லிமீட்டர் பிட்டால் துளைத்துப் புதிதாக மரை போட்டுக்கொள்ளலாம்.